எட்டப்பனுக்கு ஏன் பிளாஷ்பேக் இல்லை?

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் பொங்கல் லீவுக்குக் குளத்தூர் வந்தான். 'ஸ்டார் வார்ஸ்' ஒன்பது படங்களையும் லேப்டாப்பில் போட்டுக் காட்டி முடித்த பிறகுதான் பஸ் ஏறினான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டார்த் வேடர் சாகிற இடத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "பாவம் மாமா அவரு" என்றான் பாருங்கள், அதுதான் இன்னும் ஆறவில்லை.

அவராம்! பெற்ற தகப்பனை இந்தப் பயல் 'அவரு' என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு கிரகத்தையே வெடிவைத்துத் தகர்த்தபோது பக்கத்தில் நின்று பார்த்த ஆசாமி, வாள் பழக வந்த சின்னஞ்சிறுசுகளை வெட்டிப் போட்டவன், இவனுக்கு 'அவரு'.

அவனை மட்டும் சொல்லி என்ன? 'படையப்பா' வந்ததிலிருந்து, நீலாம்பரி பக்கமும் ஒரு நியாயம் இருக்கத்தானே செய்கிறது என்று டீக்கடையில் வக்காலத்து வாங்காதவர் நம்மில் யார்? அந்தப் படம் வந்த அதே 1999-ல்தான் அமெரிக்காக்காரனும் வேடரின் பால்ய பருவத்தைத் திரைக்குக் கொண்டுவர ஆரம்பித்தான். 2005 வரை மூன்று படங்கள். அவன் அடிமைப் பிள்ளையாகப் பிறந்தது, அம்மாவைப் பறிகொடுத்தது, பெண்டாட்டி செத்துப்போவதாகக் கனாக் கண்டது எல்லாம் வருகிறது. போதாததற்கு, 2002-ல் வந்த படத்தில் காதலியிடம் உட்கார்ந்து மணலைப் பற்றி வேறு புலம்புகிறான். சொரசொரவென்று இருக்கிறதாம், எங்கே பார்த்தாலும் ஒட்டுகிறதாம்.

மணலய்யா, மணல்! உதறினால் உதிர்ந்துவிடும். ஐப்பசி மழை விட்டதும் எங்கள் கரிசக்காட்டில் அவனைப் பத்து எட்டு நடக்கச் சொல்லுங்கள். முதல் எட்டில் செருப்புக்கு அடியில் ஒரு விரற்கடை மண் ஏறும். நாலாவது எட்டில் ஆள் அரையடி வளர்ந்திருப்பான். ஆறாவது எட்டில் கால் மட்டும்தான் வரும், செருப்பு வராது. அதைப் பிடுங்கி எடுத்து, வேலிக்கருவைக் குச்சியை ஒடித்து வழிக்க உட்கார்ந்தால் குச்சியின் முள் கையில் ஏறும், வழித்த மண் வேட்டியில் ஏறும். சைக்கிளில் போனால் இன்னும் விசேஷம். மட்கார்டுக்குள் மண் அடைத்துச் சக்கரம் சுற்றாது. நம்மைச் சுமக்க வேண்டிய சைக்கிளை நாம் தோளில் சுமந்துகொண்டு வீடு வந்து சேர வேண்டும். கோடை வந்தால் அதே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்புக்குள் அவனுடைய ஒளிவாள் விழுந்திருந்தால் அடுத்த மழை வரைக்கும் பிரபஞ்சத்துக்கே நிம்மதி. முகமூடிக்குள்ளிருந்து மூச்சு இரைக்கிற அந்தச் சத்தத்துக்கு உலகமே நடுங்கியதாம்! மிளகாய் வத்தல் காயும் களத்துக்கு வரச் சொல்லுங்கள். அங்கே எல்லாருக்கும் அதே மூச்சுதான். இந்த மண்ணில் உளுந்தும் மல்லியும் விதைத்து, விலை கிடைக்காமல் நகையை அடகு வைத்தவர்கள் யாரும் கிரகத்தை அழிக்கக் கிளம்பவில்லை. கிளம்பினாலும் செருப்பு வராது.

வேடரின் மகன் லூக்கும் அதே மணலில் வளர்ந்தவன்தான். அவனை வளர்த்தவர்களை எரித்துக் கொன்றார்கள். பெற்ற அப்பனே கையை வெட்டினான். அப்படியும் கடைசியில் வாளை வீசி எறிந்துவிட்டுக் கொல்ல மாட்டேன் என்று நிற்கிறான். அவனைப் பற்றி மருமகனிடம் கேட்டேன். "கொஞ்சம் போர் மாமா" என்றான். யோக்கியனாக இருந்த குற்றத்துக்கு 2017-ல் அவனை ஒரு தீவில் தள்ளிப் பச்சைப் பால் குடிக்க வைத்துவிட்டார்கள்.

வேடர் செய்த புண்ணியம் ஒன்றே ஒன்று. சக்கரவர்த்தியைத் தூக்கிக் குழியில் போட்டான். உடனே ஒளிவட்டத்தோடு சிரித்துக்கொண்டு நிற்கிறான். 1983-ல் அந்த ஆவிக்கு வயதான முகம். 2004 டிவிடியில் அதை எடுத்துவிட்டு வாலிப முகத்தை ஒட்டிவிட்டார்கள், எண்பது வயதில் போனவருக்குக் கல்யாண போட்டோவைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வைக்கிற மாதிரி.

இங்கே விளாத்திகுளம் தாண்டிக் கோவில்பட்டி பஸ்ஸில் போனால் எட்டயபுரம் வரும். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16-ல். அன்று பிடித்த சனி அந்த ஊர் ராஜா எட்டப்பனை இன்னும் விடவில்லை. வேடருக்குக் கிடைத்த மன்னிப்பு இவருக்குக் கிடையாது, துரோகி என்றால் இவர் பேர்தான். எட்டப்பன் கும்பினி பக்கம் நின்றது வாஸ்தவம். ஆனால் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். யாரையாவது "அடேய் தொண்டைமான்" என்று திட்டிக் கேட்டிருக்கிறீர்களா? 1959 படத்தில் வி.கே.ராமசாமி எட்டப்பனாக வந்ததோடு கதை முடிந்தது. முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் கண்மூடியது எட்டயபுரத்தில். உமறுப்புலவர் இருந்ததும் அங்கேதான். சுப்பிரமணியனுக்குப் பாரதி பட்டம் கிடைத்தது அந்த அரண்மனைச் சபையில்தான். ஒரு வம்சம் இதற்கு மேல் எத்தனை சக்கரவர்த்தியைக் குழியில் தூக்கிப் போட வேண்டும்?

எட்டப்பனுக்கு நான் வக்கீல் இல்லை. கட்டபொம்மன் கதை கேட்டு வளர்ந்தவன். நான் சொல்ல வந்தது லூக் மாதிரி ஆட்களைப் பற்றி. அதற்குள் மருமகன் போன் பண்ணிவிட்டான். டார்த் மால் என்று ஒருத்தன், இடுப்போடு இரண்டாக வெட்டுப்பட்டுப் பாதாளத்தில் விழுந்தவன். அவனுக்கும் இரும்புக்கால் மாட்டிக் கார்ட்டூனில் திரும்பக் கூட்டி வந்திருக்கிறார்களாம்.

"அவரு கதை இன்னும் உருக்கம் மாமா. சித்திரை லீவுக்கு வரும்போது கொண்டு வாறேன்."

சித்திரை முழுக்க இங்கே கரண்ட் இருக்காது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.