தேங்காய்த் தேர்வில் உள்ளுணர்வின் பங்கு: ஒரு முன்னாய்வு

மளிகைக்கடை வாசலில் குவிந்து கிடக்கும் தேங்காய்களில் ஒன்றை எடுப்பது எப்படி என்ற சிக்கல் ஆய்வுலகில் உரிய கவனம் பெறவில்லை. வள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஆனால் அது அரசருக்கு. மஞ்சள் பையோடு அனுப்பப்பட்ட குடும்பஸ்தருக்கு அதில் நேரடிக் குறிப்பு ஏதும் இல்லை.

உடைக்காமல் உள்ளே பார்க்க முடியாது. உடைத்தால் திருப்பித் தர முடியாது. எனவே ஆய்வாளர் காயைக் காதருகே வைத்து ஆட்டுகிறார். தண்ணீர் சலசலத்தால் முற்றிய காய். சத்தமே வராவிட்டால்? இங்கேதான் அறிவு இடறுகிறது. இளங்காயில் தண்ணீர் தளும்ப இடமின்றி நிறைந்திருக்கும். கொப்பரையாகிப் போனதில் தண்ணீரே இருக்காது. இரண்டும் வாய் திறக்கா. சரி, எடை பார்ப்போம்: கனத்தால் இளசு, லேசாக இருந்தால் கொப்பரை. எதைவிடக் கனம்? இன்னொரு காயை எடுக்கிறார். இப்போது இரண்டின் கண்களிலும் கசிவோ பூசணமோ உண்டா என்று பார்த்தாக வேண்டும். "சார், குடுமியைப் பிய்க்காதீங்க, கெட்டுப்போயிடும்" என்று கடைக்காரர் குரல் கொடுக்கிறார். ஆய்வு கைவசம் இரண்டு காய்களோடு நின்றுபோகிறது.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1772-இல் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு வழி சொன்னார்: தாளின் நடுவே கோடு கிழித்து, சாதகம் ஒரு பக்கம், பாதகம் மறுபக்கம் எழுதி, சமமானவற்றை அடித்துக்கொண்டே வருவது. அதற்கு அவர் எடுத்துக்கொண்டது மூன்று நான்கு நாள். அடுப்பில் தோசைக்கல் காயும்போது இந்த முறை உதவாது.

பாட்டிமார் மரபு வேறு. குவியலில் கைவிட்டு ஒன்றை எடுத்து, விரலால் ஒரு தட்டு. "இதைப் போடுப்பா." ஏன் அது என்று கேட்டால், "பார்த்தாலே தெரியுதே!" இந்த ஆய்வுமுறையை எந்த வாய்மொழித் தேர்விலும் ஏற்கமாட்டார்கள். ஆனால் 1978-இல் பொருளாதார நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன் பாட்டி பக்கம்தான். பழகியதை அடையாளம் கண்டுகொள்வதே உள்ளுணர்வு என்றார் அவர். ஐம்பது வருஷம் உடைத்துத் துருவிய கைக்குத் தட்டும்போதே விடை வந்துவிடுகிறது. ஆகச் சிறந்ததைத் தேடி அலையாமல், போதுமானது கிடைத்ததும் நிறுத்திக்கொள்பவர்களைப் பற்றியும் அவர் எழுதினார். சட்னிக்கு உலகின் தலைசிறந்த தேங்காய் எதற்கு?

ஒரு துணைத்தேற்றம்: தேங்காயே உடைத்தறியாத மாப்பிள்ளை, "மனசு சொல்லுச்சு" என்று ஒன்றைத் தூக்கி வந்தால், அது உள்ளுணர்வு ஆகாது, சோம்பல். அன்னார் கடைக்காரரின் உள்ளுணர்வை இரவல் வாங்கலாம். ஆனால் பழைய சரக்கைத் தள்ளிவிடும் உள்ளுணர்வும் அவருக்கு உண்டு என்பதை ஆய்வாளர்கள் கவனிக்க.

தேர்வு பிழைத்தாலும் நம்மவர்களிடம் கோட்பாடு தயார். அழுகலா, திருஷ்டி கழிந்தது. உள்ளே பூவா, அதிர்ஷ்டம். கொப்பரையா, எண்ணெய்க்கு ஆகும். வழுக்கையாக இருந்தால் மட்டும் பழி முழுக்க வாங்கி வந்தவர் மேல்.