திருப்புதலின் இயக்கவியல்

திருப்புதல் என்ற சொல் பள்ளிக்கூடத் தமிழில் இரண்டு வேலை செய்கிறது: படித்ததை மறுபடி படித்தல், பக்கத்தைப் புரட்டுதல். நீட் தேர்வுக்கு இயற்பியல் படிப்பவரிடம் இவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன என்பதே இவ்வாய்வின் துணிபு.

ஆய்வுப் பொருள், மேசையருகே அமர்ந்திருக்கும் மாணவர். கணக்கு எளிதாகும் பொருட்டு அவரைப் புள்ளி நிறையாகக் கொள்ளலாம், பசியைப் புறக்கணிக்கலாம். புறவிசை செயல்படாதவரை அவர் ஓய்வு நிலையிலேயே இருப்பார். அடுக்களையிலிருந்து வரும் குரல் புறவிசை. ஓய்வுநிலை உராய்வின் பெரும மதிப்பு இயக்க உராய்வைவிட மிகுதி ஆதலால், புத்தகத்தைத் திறக்கவைக்க மூன்று அதட்டல் வேண்டும். திறந்தபின் ஒன்று போதும்.

அடுத்தது இடப்பெயர்ச்சி. திங்கட்கிழமைதோறும் புதிய கால அட்டவணை சுவரேறுகிறது. எல்லா அட்டவணையும் நேர்க்கோட்டு இயக்கத்தில் தொடங்குகின்றன, புதன்கிழமைக்குள் குலைகின்றன, அடுத்த திங்களன்று மீண்டும் நேர்க்கோட்டு இயக்கம். கடந்த தொலைவு ஆயிரம் பக்கம், இடப்பெயர்ச்சி சுழி. சான்றுக்கு அலைய வேண்டாம், புத்தகத்தை மூடி விளிம்பைப் பார்த்தால் போதும். இயக்கவியல் பக்கங்கள் கைபட்டுக் கறுத்திருக்கும். சுழற்சி இயக்கத்தில் அச்சக வாசனை இன்னும் போயிருக்காது.

இத்தனை முறை படித்த பாடத்திலேயே மதிப்பெண் போவதுதான் வியப்பு. ஒரு கார் பாதித் தொலைவை மணிக்கு 40 கி.மீ. வேகத்திலும் மீதியை 60 கி.மீ. வேகத்திலும் கடந்தால் சராசரி வேகம் என்ன? பழகிய கை 50-க்கான வட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடும். பாதி என்பது 120 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் முதல் பாதிக்கு 3 மணி, மறுபாதிக்கு 2 மணி. 240-ஐ 5-ஆல் வகுக்க, விடை 48. சரியான விடைக்கு 4, தவறுக்கு நெகட்டிவ் மார்க் 1. ஆக அந்த ஒரு வட்டத்தின் விலை 5. திசைவேக-நேர வரைபடத்தில் பரப்பைக் கேட்டால் சாய்வைத் தருவதும் இதே நோய். தெரியாத பாடத்தில் கண் நிற்கும். தெரிந்த பாடத்தில் ஓடும்.

ஈர்ப்பு முடுக்கத்தை 9.8 என்பதா, 10 என்பதா என்ற தர்க்கம் நண்பர்கள் இருவரின் ஒரு மாலையைத் தின்றுவிட வல்லது. வேறுபாடு சுமார் 2 விழுக்காடு.

எறிபொருள் பாடம் இன்னும் கொடியது. காற்றுத் தடை இல்லையெனில், ஒரே வேகத்தில் 30 பாகையிலும் 60 பாகையிலும் எறிந்தவை ஒரே இடத்தில் விழும். பின்னது மூன்று மடங்கு உயரம் போகும், சுமார் 1.73 மடங்கு நேரம் பறக்கும். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் 30 பாகை. அதை அடியிலிருந்து வருவித்தவர் 60 பாகை. ஓ.எம்.ஆர். தாள் கிடைத்தள நெடுக்கத்தை மட்டுமே அளக்கிறது. உயரத்துக்கு அதில் வட்டம் இல்லை.

எஞ்சியது கடைசி வாரம். ஓய்விலிருந்து விழும் பொருள் அடுத்தடுத்த சம நேரங்களில் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் தொலைவைக் கடக்கும் என்று கலிலியோ 1638-இல் வெளியான தம் நூலில் காட்டினார். படிக்கவேண்டிய பாடங்களும் தேர்வை நோக்கி அப்படியே விழுகின்றன: முதல் நாள் ஒன்று, மறுநாள் மூன்று, பிறகு ஐந்து, ஏழு, ஒன்பது, ஐந்தே நாளில் 25. முதல் நாளுக்குரிய அந்த ஒரு பாடம், வழக்கம்போல், நேர்க்கோட்டு இயக்கம்.