கேரோல் அம்மாளை வாங்கப் போற பேராண்டிக்கு

எய்யா பேராண்டி, வா, இப்படி உக்காரு. வேலைக்குச் சேந்து கையில நாலு காசு புழங்குது, சந்தோசம். அதைக் கொண்டுபோய் அமெரிக்கப் படக்கதைப் புஸ்தகத்துல போடப் போறேன்னு ஒங்கம்மா கண்ணைக் கசக்கிட்டு நிக்கா. நான் தடுக்க மாட்டேன்டே. தடுத்தா நீ ரெண்டு பங்கா வாங்குவேன்னு எனக்குத் தெரியாதா? தாராளமா வாங்கு. ஆனா ஏமாறுதவனும் முறை தெரிஞ்சு ஏமாறணும்லா. அந்த முறையைத்தான் சொல்லுதேன், காதைக் குடு.

நீ குறி வச்சிருக்கது கேரோல் டேன்வர்ஸ்ங்கிற அம்மாளை. சினிமாவுல கேப்டன் மார்வெல்னு ஆகாயத்துல பறந்தாளே, அவதான். நல்ல பிள்ளை, குறை சொல்லதுக்கு ஒண்ணுமில்ல. “அவளோட மொத இதழ் வாங்கணும் தாத்தா”ன்னு நேத்து குதிச்சியே, எந்த மொத இதழ்? அந்த அம்மாளுக்கு அஞ்சாறு மொதல் கிடக்கு.

1968 மார்ச்சுல ‘மார்வெல் சூப்பர் ஹீரோஸ்’ 13ஆம் இதழ் வந்துது. ராய் தாமஸ் எழுதி, ஜீன் கோலன் வரைஞ்சது. அதுலதான் இவ மொதமொதல்ல தலையைக் காட்டுதா. பறந்தாளா? இல்ல. எவனையாவது சாத்தினாளா? அதுவுமில்ல. ராக்கெட் விடுத தளத்துல பாதுகாப்பு அதிகாரியா வந்து நிக்கா, அவ்வளவுதான். நாயகன் வேற ஆளு, வேத்துக் கிரகத்துல இருந்து வந்த மார்-வெல். அன்னைக்கு அந்தப் புஸ்தகம் 25 சென்ட். இன்னைக்கு அவ கதைகள்லயே துட்டைக் கொட்டி வாங்குதது அதைத்தான். இந்தச் சந்தையோட சட்டம் அப்படி. வீரம் காட்டின இடத்துக்கு வெலை இல்ல, மூஞ்சி காட்டின இடத்துக்குத்தான் வெலை.

பொறவு 1969ல ‘கேப்டன் மார்வெல்’ 18ஆம் இதழ்ல ஒரு வெடிப்பு. அதுல மாட்டினதாலதான் அவளுக்குச் சக்தி வந்துதுன்னு பின்னால வந்தவங்க கதை கட்டுனாங்க. அதனால அந்த இதழுக்கும் ஒரு கிராக்கி. 1977 ஜனவரியிலதான் ‘மிஸ் மார்வெல்’னு அவ பேருக்குன்னே தனிப் புஸ்தகம், 30 சென்ட். 1982ல ‘அன்கேனி எக்ஸ்-மென்’ 164ஆம் இதழ்ல பைனரின்னு பேரு. 1998ல வார்பேர்டு. 2012லதான் கேப்டன் மார்வெல். இங்க ரேஷன் கார்டுல ஒரு எழுத்தை மாத்தணும்னாலே தாலுகா ஆபீஸ்ல செருப்புத் தேய அலைய விடுதான். அங்க ஒவ்வொரு பேரு மாத்தத்துக்கும் ஒரு ‘மொதல்’, ஒவ்வொரு மொதலுக்கும் ஒரு வெலை. கொடுத்து வச்சவ!

இதுல 1977 இதழைப் பத்தி ஒரு வார்த்தை. மறுபதிப்பை நீ கொண்டாந்து வச்சுட்டுப் போனேல்லா, கண்ணாடியை மாட்டிக்கிட்டு முழுசும் பாத்துட்டேன். இவளைப் பலசாலிங்கானுவ, வயித்தை மூடத் துணி இல்ல, கழுத்துல மட்டும் நீளமா ஒரு துண்டு. அதைப் பிடிச்சு இழுத்தே எவனும் விழத் தட்டியிருப்பான். ஆனா கதையில ஒரு இடம் இருக்கு பாரு. ஸ்பைடர்மேனைக் கரிச்சுக் கொட்டுதானே பத்திரிகை முதலாளி ஜேமிசன், அவன் இவளைப் பொம்பளைங்க பத்திரிகைக்கு ஆசிரியரா வைக்கான். சமையல் குறிப்பு போடு, உடம்பு இளைக்க வழி சொல்லுன்னு அதட்டுதான். இவ அசையல, பத்திரிகை நான் நினைச்ச மாதிரித்தான் வரும்னு நிக்கா. எனக்குப் பிடிச்ச சண்டை அதுதான்டே. அந்தப் பக்கத்துக்காக எவனும் ஒரு சென்ட் கூடுதலாத் தரமாட்டான். நீ எத்தனை பக்கம் படிச்ச? அட்டையைத் தாண்டல, தெரியும்.

இன்னொரு கூத்தைக் கேளு. அவ பேரைப் போட்ட அந்தத் தொடர் 23 இதழோட 1979ல நின்னு போச்சு. அதுல மொத இதழை விட்டா வேற எதைத் தேடி அடிச்சுக்கிடுதாங்க தெரியுமா? 16ஐயும் 18ஐயும். என்ன விசேசம்னா, மிஸ்டிக்குங்கிற நீலத்தோல்காரி 16ல ஓரமா எட்டிப் பாத்து, 18ல முழுசா வாறா. அவ வில்லி. 1981ல ‘அவெஞ்சர்ஸ்’ ஆண்டு மலர் 10ல ரோக்னு ஒருத்தி மொதமொதல்ல வந்தா. வந்தவ நம்ம அம்மாளைத் தொட்டு, சக்தியையும் நினைப்பையும் சேத்து உறிஞ்சிட்டுப் போயிட்டா. அந்த மலருக்கும் ஏக மவுசு. பறிகொடுத்தவளுக்காகவாலே? பறிச்சவளுக்காக! 2013ல ‘கேப்டன் மார்வெல்’ 14ஆம் இதழ்ல கமலா கான்னு ஒரு சின்னப் பிள்ளை, பேரு கூடச் சொல்லாம ஓரமா நின்னா. அடுத்த வருசம் அவதான் புது மிஸ் மார்வெல். இப்பம் அந்த இதழும் அந்தப் பிள்ளைக்காகத்தான் விக்குது. கேரோல் பேரு போட்ட புஸ்தகத்துல கேரோலைத் தவிர மத்த எல்லாருக்கும் வெலை உண்டு.

இந்தம்மா மட்டும்தான் அப்படின்னு நினைக்காத. வொண்டர் வுமன் மொதல்ல வந்தது 1941 கடைசியில, ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ 8ஆம் இதழ்ல. அன்னைக்கு 10 சென்ட். நல்ல நிலையில இருந்த ஒரு பிரதியை 2022ல 10 லட்சம் டாலருக்கு மேல கொடுத்து எடுத்திருக்காங்க. அட்டையில அந்தம்மா படமே கிடையாது! உள்ள கடைசியில ஒட்டுக்கதையா வாறா. ஆனா அந்தக் காலத்துப் பிரதி அருமைப்பட்டதுக்குக் காரணம் இருக்கு. ரெண்டாம் உலகச் சண்டை நடக்குதுன்னு வீடு வீடாப் பழைய காயிதம் வசூலிச்சாங்க, பிள்ளைங்க புஸ்தகமெல்லாம் கட்டுக் கட்டாப் போச்சு. 1977லயோ நிலைமை வேற. மொத இதழ்னாலே பத்திரமாப் பூட்டி வைக்கத ஆளுக அதுக்குள்ள பெருகிட்டாங்க. அதனால மிஸ் மார்வெல் மொத இதழ் தேடுனா கிடைக்கும். ‘அபூர்வம்’னு எவனாவது சொன்னா, காது கேக்காத மாதிரி இருந்துக்கோ.

அபூர்வமே வேணும்னா வெலையைப் பாரு. நீ கொடுக்கப் போற வெலையை இல்லடே, அட்டையில அச்சடிச்ச வெலையை! 1977 ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் சில ஊர்ல மட்டும் 35 சென்ட்னு போட்டு ஆழம் பாத்திருக்கான் மார்வெல் கம்பெனிக்காரன். மத்த ஊர்ல அதே புஸ்தகம் 30 சென்ட். மிஸ் மார்வெல் 6ல இருந்து 10 வரைக்கும் அந்தக் கணக்குல வரும். உள்ள ஒரு எழுத்து மாறல. அஞ்சு சென்ட் கூடக் கொடுத்து ஏமாந்தவன் புஸ்தகம் இப்பம் பல மடங்கு. நான் ஏமாறுததுக்கும் முறை இருக்குன்னு சும்மாவா சொன்னேன்?

அப்புறம் மார்க்கு போடுத கதை. 2000ல இருந்து சிஜிசின்னு ஒரு கம்பெனி, ஃபுளோரிடாவுல. புஸ்தகத்தை அனுப்பி, கட்டணமும் கட்டுனா, முதுகு மடிப்புல கீறல் உண்டா, ஊசி துருப்பிடிச்சிருக்கா, தாள் பழுத்திருக்கான்னு பாத்துப் பத்துக்கு மார்க்குப் போட்டு, கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக்குல அடைச்சுத் திருப்பி அனுப்புவான். 9.8க்கும் 9.4க்கும் நடுவுல ஒரு மயிரிழை மடிப்புதான், வெலையோ பல மடங்கு வித்தியாசம். அடைச்சதைப் பிரிச்சா மார்க்குப் போச்சு. அதாவது, படிக்க முடியாத புஸ்தகத்துக்குத்தான் ஒசந்த வெலை. நீ பள்ளிக்கூடத்துல இருந்தே அப்படித்தானே புஸ்தகம் வச்சிருந்த? ஒனக்கு ஏத்த தொழில்தான்.

சிஜிசி லேபிள் ஊதா நிறத்துல இருந்தா ஒட்டுவேலை பாத்த புஸ்தகம்னு அர்த்தம், வெலை இறங்கும், பாத்து வாங்கு. கிழிஞ்ச அட்டையில நீயா டேப்பு ஒட்டாத. அடைக்காத புஸ்தகம்னா நல்ல உறையில போட்டு, பின்னால அமிலமில்லாத அட்டை வச்சு, வெயிலும் ஈரமும் படாம வை. மரக்கூழ்த் தாள் அது, லிக்னின் இருக்கதால தானாவே பழுக்கும். நீ ராப்பகலா முழிச்சிருந்து காவல் காத்தாலும் பழுக்கும்.

கடைசியா சினிமா. படம் வருதுன்னு சேதி கசிஞ்ச அன்னைக்குப் புஸ்தகம் வெலை ஏறும். படம் கொட்டகைக்கு வந்த பொறவு இறங்கும். 2019ல கேப்டன் மார்வெல் படம் 100 கோடி டாலருக்கு மேல வசூல் பண்ணுச்சு. 2023ல ‘தி மார்வெல்ஸ்’ வந்து படுத்துட்டு. படம் ஓடுனாலும் படுத்தாலும், நீ தெரிஞ்சுக்கிடுத நேரத்துக்குத் தெரியவேண்டியவனுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும். ஒங்கூட்டாளி போன்ல சேதி அனுப்பி “உடனே வாங்குடா”ன்னா, அவன் கையில இருக்கதை ஓந்தலையில கட்டப் பாக்கான்னு வச்சுக்கோ.

இப்பம் தாத்தா கணக்கு. மிஸ் மார்வெல் 23 இதழும் ஒரே தொகுப்பா, கறுப்பு வெள்ளையில மறுபதிப்பு வந்திருக்கு, அதை வாங்கு. தொடர் நின்னதால அச்சேறாமக் கிடந்த 24, 25ஆம் இதழ்க் கதை 1992ல ‘மார்வெல் சூப்பர் ஹீரோஸ்’ 10, 11ல வந்துது. ரோக் இவளைத் தாக்குனதை விவரமாச் சொல்லுத கதை அதுலதான் இருக்கு, அதையும் விட்டுடாத. எல்லாத்தையும் படி. படிச்ச பொறவும் ஒரு பழைய பிரதி கையில இருந்தே ஆகணும்னு தோணுச்சுன்னா, ஒரே ஒரு இதழ், நீ படிச்சதுல ஒனக்குப் பிடிச்ச இதழை, ஒரு மாசச் சம்பளத்துல பத்துல ஒரு பங்குக்கு மேல போகாம வாங்கு. அதுக்கு வெலை ஏறலைன்னா ஒனக்கு நட்டமில்ல. அடுத்த படம் வருதுன்னு ஊரே கத்துத அன்னைக்கு நீ வாங்குதவன் பக்கம் நிக்கப்படாது, விக்கதவன் பக்கம் நிக்கணும்.