67 மில்லிமீட்டர் சங்கதி

நம் ஊரில் மாதிரி ரயில் கண்காட்சி என்றால் அது நவராத்திரி ஒன்பது நாளும்தான். கொலுப்படிக்குக் கீழே மணல் கொட்டி, கடுகு முளைக்கவிட்டு 'பார்க்' போட்டு, அதைச் சுற்றி வட்டமாகத் தகரத் தண்டவாளம். சாவி கொடுத்தால் இன்ஜின் கிளம்பும். தசாவதாரத்தைப் பிரதட்சிணம் செய்து, செட்டியார் பொம்மையின் மளிகைக்கடை வாசலில் கவிழும். செட்டியாரின் தொந்தி இன்ஜினை விடப் பெரிது. அவர் விற்கும் கத்தரிக்காய் ஸ்டேஷனை விடப் பெரிது. ஆனாலும் இது என்ன அளவு என்று வந்தவர்கள் யாரும் கேட்டதில்லை. சுண்டல் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

இங்கிலாந்தில் கேட்பார்கள். லண்டனில் 1910 முதல் மாதிரி ரயில்காரர்களுக்கு ஒரு சங்கமே இருக்கிறது. அவர்கள் கண்காட்சிக்கு ரயில் பார்க்க வருகிறவர்களோடு ரிவெட் எண்ண வருகிறவர்களும் உண்டு. இவர்களை ரிவெட் எண்ணிகள் என்றே கேலி செய்வார்கள். தண்ணீர்த் தொட்டியில் ஒரு ரிவெட் குறைந்தாலும், கல்யாண வீட்டில் பாயசத்தில் முந்திரி குறைந்த சம்பந்தி போல முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

அவர்களுடைய மூலவியாதி தண்டவாளத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் நிஜத்தின் ஓர் அடிக்கு 3.5 மி.மீ. என்று கணக்கு வைத்து, 16.5 மி.மீ. அகலத்தில் தண்டவாளம் போட்டார்கள். கணக்கு சரியாக இருந்தது. பிரிட்டிஷ் இன்ஜினோ நிஜத்திலேயே ஒல்லி. அதை அந்த அளவுக்குச் சுருக்கினால் வயிற்றுக்குள் மோட்டார் நுழையவில்லை. அதனால் உடம்பை மட்டும் அடிக்கு 4 மி.மீ. என்று கொஞ்சம் உப்ப வைத்தார்கள். தண்டவாளத்தை இருந்தபடியே விட்டுவிட்டார்கள். 4 அடி 8½ அங்குலம் இருக்கவேண்டிய பாதை 4 அடி 1½ அங்குலமாகிவிட்டது. ஏழு அங்குலம் காணோம்! கேட்டால், அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளாதவர்கள்தான் நுண்ணளவுக்காரர்கள். கடையில் வாங்கிய புது இன்ஜினைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரங்களைப் பிடுங்குவார்கள். அச்சில் வெளிப்பக்கமாக நகர்த்தி 18.2 மி.மீ. ஆக்குவார்கள். அதிலும் மனம் ஆறாதவர்கள் 18.83-க்குப் போவார்கள். சக்கரத்தின் விளிம்பைக் கடைந்து மெலிதாக்குவார்கள். ஸ்லீப்பர் கட்டை ஒவ்வொன்றாக வெட்டி, தண்டவாளத்தைப் பற்றவைத்து, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே அளவுக்கட்டை வைத்து ஆசாரி நகைக்குக் கல் பதிப்பதுபோலக் கண்ணை இடுக்கிப் பார்ப்பார்கள். பிறகு பளபளவென்று இருக்கும் இன்ஜினில் மாதக்கணக்கில் துருவும் புகையும் எண்ணெய்க் கறையும் பூசுவார்கள். அழுக்காக்குவது அங்கே உயர்ந்த கலை. இத்தனை பாடும் 2.33 மி.மீ.க்காக.

பாவம், லண்டனில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு கஷ்டப்படுகிறார்களே என்று எனக்குத் தோன்றியதுண்டு. இதையெல்லாம் முழு அளவிலேயே செய்துகொண்டிருக்கும் ஊர் ஒன்று இருக்கிறது. ரங்கூன்.

அந்தக் கதைக்கு முன்னால் பொம்மைகளின் ராஜதந்திரத்தைப் பார்த்துவிட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வெள்ளைக்காரர்கள் ஆசிய ராஜாக்களின் கதவைத் தட்டும்போது ஒரு கையில் பீரங்கியும் மறு கையில் பொம்மை ரயிலும் வைத்திருந்தார்கள். 1853-இல் ரஷ்யர்கள் ஜப்பானின் நாகசாகியில் கப்பல் மேலேயே ஒரு சின்ன நீராவி இன்ஜினை ஓட்டிக் காட்டினார்கள். அடுத்த வருஷம் அமெரிக்கத் தளபதி பெர்ரி, நிஜத்தில் கால்பங்கு அளவுள்ள ரயிலை யோகோஹாமாவில் வட்டப் பாதை போட்டு ஓடவிட்டார். பெட்டிக்குள் ஆறு வயதுக் குழந்தை உட்காரவே சிரமம். ஆனால் கவாதா ஹாச்சினோசுகே என்ற பெரியவர், கன்ஃபூசியஸ் படித்த பண்டிதர், விடவில்லை. பெட்டியின் கூரை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அங்கி காற்றில் படபடக்க, மணிக்கு 20 மைல் வேகத்தில் சுற்றிச் சுற்றி வந்தார். சாஸ்திரம் படித்தவர் பொம்மை ரயிலில் தொற்றிக்கொண்டு போனதை அறிந்த பிறகுதான் எனக்கு அந்த தேசத்தின் மேல் மரியாதையே வந்தது. 1855-இல் சாகா பிரதேசத்தில் தனாகா ஹிசாஷிகே என்ற மெக்கானிக் அதேபோல ஒரு மாதிரி இன்ஜினைத் தாமே செய்துவிட்டார். பிற்காலத்துத் தோஷிபாவின் வேர் அவர்தான்.

அதே சமயத்தில் விக்டோரியா மகாராணி சயாம் ராஜா மோங்குட்டுக்கு ஒரு பொம்மை ரயில் அனுப்பினார். இன்றைக்கும் அது பாங்காக் அருங்காட்சியகத்தில் கொலு வீற்றிருக்கிறது.

ரங்கூனுக்குப் பொம்மை காட்டவேண்டிய அவசியமே இருக்கவில்லை. பொம்மை எதற்கு? கதவைத் திறக்கச் சொல்லத்தானே? 1852-லேயே பிரிட்டிஷார் கதவை உடைத்து உள்ளே வந்து கட்டிலில் படுத்தாயிற்று. பர்மா ராஜா மிண்டோன் மேலே தம் பாதி ராஜ்யத்தில் மாந்தலே என்ற புதுத் தலைநகரம் கட்டிக்கொண்டிருந்தார். கீழே ரங்கூனுக்கு நேராக நிஜ ரயிலே வந்தது. 1877 மே 1-ஆம் தேதி ரங்கூனிலிருந்து புரோமுக்கு முதல் வண்டி கிளம்பியது. 259 கிலோமீட்டர். பாதை போட்டவர்கள் பஞ்சத்துக்குத் தப்பிவந்த இந்தியக் கூலிகள். பர்மாவின் அரிசி கப்பலேறி இந்தியப் பஞ்சத்துக்குப் போனது. இந்தியப் பஞ்சம் கப்பலேறி பர்மாவின் ரயிலுக்கு வந்தது. சர்க்காருக்கு இரண்டு பக்கமும் சுமை ஏற்றிய கப்பல்.

அந்தத் தண்டவாளத்தின் அகலம் ஒரு மீட்டர். இதில்தான் வேடிக்கை. இந்திய வைஸ்ராய் மேயோ பிரபு 1870-இல், அகலப் பாதைக்குக் காசு இல்லை, சிக்கனமாக ஒரு பாதை வேண்டும் என்றார். நிபுணர்கள் கூடினார்கள். 2 அடி 9 அங்குலம் போதும் என்றார் ஒருவர். 3 அடி 6 அங்குலத்துக்குக் குறைந்தால் அவமானம் என்றார் இன்னொருவர். கத்தரிக்காய் பேரம் மாதிரி நடுவில் 3 அடி 3 அங்குலத்தில் வந்து நின்றது. அப்போது, இந்தியாவே சீக்கிரம் மெட்ரிக் அளவுக்கு மாறப்போகிறதே என்று யாரோ நினைவுபடுத்த, கொசுறாக ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பாகம் சேர்த்து ஒரு மீட்டர் ஆக்கிவிட்டார்கள். மெட்ரிக் சட்டம் ஏட்டோடு நின்றது. மேயோ 1872 தொடக்கத்தில் ரங்கூனுக்கு வந்து பார்த்துவிட்டு அந்தமானுக்குக் கப்பலேறினார். பிப்ரவரி 8 அன்று போர்ட் பிளேரில் ஷேர் அலி என்ற கைதி அவரைக் குத்திக் கொன்றார். மீட்டர் மட்டும் மிஞ்சியது. அடியும் அங்குலமும் தவிர வேறு தெரியாத இன்ஜினீயர்கள் மீட்டரில் ரயில் விட்டார்கள். ஓர் அடிக்கு 4 மி.மீ. என்று இரண்டு முறையையும் ஒரே மூச்சில் குழப்பும் பொம்மைக்காரர்கள் பிற்பாடு அவர்கள் வம்சத்தில்தானே பிறந்தார்கள்?

மெட்ரிக் அளவுக்கு மாறாத நாடுகள் என்று உலகம் கேலி செய்யும் பட்டியலில் அமெரிக்கா, லைபீரியாவோடு மூன்றாவதாக, மியான்மர் என்று பெயர் மாறிய பர்மா இருக்கும். யாங்கோன் என்று பெயர் மாறிய ரங்கூனின் சந்தையில் கறி வாங்கினால் இன்றும் வீசைக் கணக்குதான். நம் வீசையின் உறவுதான், எடை கொஞ்சம் கூடுதல். ஆக, வீசையில் எடை போட்டு, மைலில் தூரம் சொல்லி, மீட்டரில் ரயில் விடுகிற ஊர். நம்மவர்களுக்கு அதில் ஒரு வசதி இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் நாகப்பட்டினம் வரை மீட்டர் கேஜில் வந்து, கப்பலேறி வாந்தியெடுத்து, ரங்கூனில் இறங்கி மறுபடி மீட்டர் கேஜிலேயே ஏறலாம். நடுவில் வங்காள விரிகுடா மட்டும் கொஞ்சம் அகலப் பாதை.

மாதிரி ரயில்காரர்களில் பெட்டியைப் பிரித்து, எண் போட்ட துண்டுகளைச் சேர்த்துக் கட்டுகிற ஜாதி ஒன்று உண்டு. அவர்களுக்கும் பர்மா முன்னோடி. மாந்தலேயிலிருந்து லாஷியோ போகும் வழியில் கோக்தேய்க் பள்ளத்தாக்கு. அதன்மேல் பாலம் கட்டப் பிரிட்டிஷ் கம்பெனிகளை விட அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டீல் கம்பெனி மலிவாகவும் சீக்கிரமாகவும் முடிப்பதாகச் சொன்னது. 4,000 டன்னுக்கு மேல் இரும்பு, துண்டு துண்டாக அமெரிக்காவில் செய்து, கப்பலில் ரங்கூனுக்கு வந்து, ரயிலேறி மலைக்குப் போய், 1901-க்குள் கோத்து நிறுத்தியாயிற்று. நீளம் 689 மீட்டர், உயரம் 102 மீட்டர். அசலான ரிவெட் எண்ணிக்கு அதுவே வைகுண்டம். அதை அடிக்கு 4 மி.மீ. கணக்கில் வீட்டில் கட்டினால் 9 மீட்டர் நீளமும் 1.34 மீட்டர் உயரமும் ஆகும். மனைவியின் சம்மதம் தனி.

புரோம் பாதையையே அப்படிச் சுருக்கினாலும் 3.4 கிலோமீட்டர் வரும். அதனால்தான் நுண்ணளவுக்காரர்களின் முதல் திறமையே வெட்டுவது. எட்டு ஸ்டேஷனை ஒன்றாக்கி, இருபது மைல் வயலை இரண்டடி ஆக்கி, பார்க்கிறவன் கண்டுபிடிக்காமல் மறைக்க வேண்டும். இதில் கைதேர்ந்தவர்கள் பாதையைச் சுவருக்குள் விட்டு மலை என்பார்கள்.

இப்போது 67 மில்லிமீட்டருக்கு வரலாம். பொம்மை ரயிலின் கூரையில் பண்டிதர் ஏறிய ஜப்பான், 1872-இல் நிஜ ரயில் விட்டபோது பிரிட்டிஷ் யோசனைப்படி 1,067 மி.மீ. பாதை போட்டுக்கொண்டது. 21-ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய பழைய டீசல் பெட்டிகள் ரங்கூனுக்கு வந்து இறங்கின. இங்கே பாதை 1,000 மி.மீ. என்ன செய்வது? நுண்ணளவுக்காரர் செய்வதையேதான். கவிழ்க்கவில்லை, தூக்கினார்கள். சக்கரங்களை அச்சில் பக்கத்துக்கு 33.5 மி.மீ. உள்ளே நகர்த்தினார்கள். லண்டன்காரர் வெளியே தள்ளுகிறார், ரங்கூன்காரர் உள்ளே தள்ளுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். பெயின்ட் விஷயத்தில் மட்டும் ரங்கூன்காரர்கள் மேதைகள். ஜப்பானிய எழுத்தை அழிக்கவே இல்லை. ஏதோ ஜப்பானியக் கிராமத்துக்குப் போகும் வண்டி என்று நெற்றியில் எழுதிக்கொண்டே ரங்கூன் பக்கத்து இன்செய்ன் போய்ச் சேர்ந்தது. ஜப்பானிய ரயில் பைத்தியங்கள் தங்கள் ஊரில் செத்துப்போன வண்டியைப் பார்க்க விமானம் ஏறி வந்தார்கள். கண்காட்சிக்கு வேறு என்ன இலக்கணம்?

துருப் பூசவேண்டிய கவலையும் இல்லை. மே மாதமே பிடிக்கும் மழை அதைக் கவனித்துக்கொள்ளும். ஒன்று சொல்ல வேண்டும். பர்மா பாதையில் வண்டி துள்ளும். தலை கூரையைத் தொட்டுவிட்டு வரும். அந்தப் பாதையை நுணுக்கமாகச் செய்ய நினைக்கும் மாதிரிக்காரர், வாழ்நாளெல்லாம் நேராகப் போடக் கற்ற தண்டவாளத்தை மிகுந்த கவனத்தோடு கோணலாகப் போடவேண்டியிருக்கும்.

உச்சம், ஸ்ட்ராண்ட் ரோடு டிராம். ஹிரோஷிமாவிலிருந்து பழைய டிராம்களை வாங்கினார்கள். அவை 1,435 மி.மீ. அகலக்காரர்கள். இவ்வளவு தூரம் சக்கரத்தை நகர்த்த முடியாது என்று, மீட்டர் பாதைக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தண்டவாளத்தையே போட்டுவிட்டார்கள். 2016 ஜனவரியில் ஓடத் தொடங்கி, அந்த ஜூலையிலேயே நின்றது. கொலு ஒன்பது நாள், இது ஆறு மாதம்.

நான் யாங்கோன் வட்ட ரயிலில் போனது ஒரு பகல் வேளை. 45.9 கிலோமீட்டர், சுற்றிவர அப்போது மூன்று மணி நேரம். பின்வாங்கிய பிரிட்டிஷார் போரில் அழித்துவிட்டுப் போன ஸ்டேஷனுக்குப் பதில் 1954-இல் எழுப்பிய, கோயில் விமானம் போல அடுக்குக் கூரை போட்ட சென்ட்ரல் ஸ்டேஷனில் ஏறினேன். தலையில் கீரைக்கட்டோடு ஒரு அம்மாள் ஏறினார். அவித்த காடை முட்டை விற்றுக்கொண்டு ஒரு பெண் போனாள். எதிர் சீட்டில் இருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில், "எங்க எறங்கணும் தம்பி?" என்று கேட்டார்.

"ஏறின எடத்துலேயேங்க ஐயா" என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. முட்டைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு எனக்கும் நாலு வாங்கிக் கொடுத்தார்.