பாட்டிக்கு வந்த மசாஜ் கன்

கையடக்க மசாஜ் கன் முழு வேகத்தில் ஓடினால் நிமிடத்துக்கு 2,000, 3,000 தடவைகூடத் தட்டும். ஜிம்முக்குப் போகும் பேரனின் தொடைக்கு வாங்கிய இந்தக் கருவி, கொஞ்ச நாளில் பாட்டியின் முதுகுக்கு இடம் மாறுகிறது. பாசத்தில் குறையில்லை. குறை எலும்பில்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்பது உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த அளவு. அந்த நிலையில் முள்ளெலும்பு நொறுங்க மாடியிலிருந்து விழ வேண்டியதில்லை. குனிந்து குடத்தைத் தூக்கினாலோ, பலமாக இருமினாலோ போதும். இப்படி நொறுங்கியவற்றில் பெரும்பாலானவை கண்டுபிடிக்கப்படாமலே, ‘வாயுப்பிடிப்பு’, ‘வயசானா அப்படித்தான்’ என்ற பெயர்களில் வீட்டோடு கிடக்கின்றன. எக்ஸ்ரே எடுக்க வேண்டிய இடத்தைப் பாட்டி விரலால் காட்ட, குடும்பம் சரியாக அங்கேயே மசாஜ் கன்னை வைத்து அழுத்துகிறது. வலி குறையவில்லையா? ஸ்பீடைக் கூட்டு.

எலும்புப்புரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது என்று பல கருவிகளின் கையேட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். மூக்குக்கண்ணாடி கிடைப்பதற்குள் அது அட்டைப்பெட்டியோடு பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும்.

டாக்டர் சம்மதித்தாலும் மெத்தென்ற தலை, குறைந்த வேகம், சதைப்பிடிப்பான தொடை, ஓரிரு நிமிடம், அவ்வளவே. முதுகுத்தண்டு, விலா, இடுப்பெலும்பு, மணிக்கட்டு ஆகியவற்றின் பக்கம் போகவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எலும்பு தப்பினாலும் தோலுக்கடியில் ரத்தம் கட்டலாம்.