தென்னந்தோப்பில் மோட்சம்

வெப்பமண்டலத் தீவுக்குப் போனால் கவலை தீரும் என்று நம்பியவர்களில் ஜெர்மானியர் ஆகஸ்ட் எங்கல்ஹார்ட் தனி ரகம். 1902இல் ஜெர்மன் நியூகினியாவில் கபகோன் தீவின் தென்னந்தோப்பை வாங்கி, பெட்டி பெட்டியாகப் புத்தகங்களோடு போய் இறங்கினார்.

சாதகங்கள் பிரமாதம். உடுப்புச் செலவு கிடையாது, அம்மணமே போதும். அடுப்புச் செலவும் கிடையாது, வேளாவேளைக்குத் தேங்காய்தான். சூரியனுக்கு அருகில் காய்ப்பதால் அது தெய்வக் கனியாம். பனங்காயும் உயரத்தில்தான் காய்க்கிறது. அதற்கு ஏனோ பதவி உயர்வு இல்லை.

பாதகம்? மலேரியா.

இந்தத் தேங்காய் மோட்சத்தை நம்பிக் கப்பலேறி வந்த சீடர்களில் சிலர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள், மற்றவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். குரு 39 கிலோவாக இளைத்து மருத்துவமனையில் கிடந்தார். தேற்றி அனுப்பினார்கள். மனிதர் மறுபடி தோப்புக்கே போய், 1919இல் சாகும்வரை தீவைவிட்டு ஊர் திரும்பவில்லை.