கட்டிலடிக் கைவினைப் பொருள்கள்: செங்கல்பட்டு வீடொன்றை முன்வைத்து ஓர் அடுக்காய்வு

ஆய்வு நோக்கம்

ஒயர் கூடை, ஆரி வேலை, சிப்பி அலங்காரம் முதலிய கலைகளெல்லாம் ஒரே கட்டிலுக்கு அடியில் குடித்தனம் நடத்தும் முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்விடத்தை ஒழுங்குபடுத்துவது நோக்கமன்று. ஒழுங்குபடுத்திவிட்டால் ஆய்வுப்பொருள் அழிந்துவிடும். பிறகு ஆய்வாளர் எதைத் தின்று பிழைப்பது?

ஆய்வு எல்லை

வடக்கே பீரோ, தெற்கே தையல் மிஷின், கிழக்கே ஜன்னல், மேற்கே மாமியார்.

முன்னோடி ஆய்வு

1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துச் சரளை மண்ணிலிருந்து ஒரு கற்கருவியை எடுத்தார். இந்தியப் பழைய கற்கால ஆய்வு அங்கே தொடங்கியது. பல்லாவரம் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே கீழே கிடப்பதைக் குனிந்து எடுத்தால் வரலாறே மாறும் என்பது எங்கள் மாவட்டத்துக்கு நிரூபணமான உண்மை. எங்கள் வீட்டில் இன்னும் யாரும் குனியவில்லை.

ஆய்வு இடைவெளி

மாமல்லபுரத்தில் 1957 முதல் சிற்பம் கற்றுத் தருகிறார்கள். வேலை முடிந்தபின் கூட்டிப் பெருக்குவதை முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

அடுக்குகள்

முதல் அடுக்கு: ஆரி வேலைக்காக ஸ்டாண்டில் இழுத்துக் கட்டிய ரவிக்கைத் துணி, கொட்டிய ஜமிக்கி, மூடி தொலைந்த பசை.

இரண்டாம் அடுக்கு: கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் வாங்கிய சிப்பிகள். கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றி ஒட்டுவதற்காக. வீட்டில் கண்ணாடி இருக்கிறது, சட்டம் இல்லை.

மூன்றாம் அடுக்கு: பட்டு நூல் வளையல். சொல்ல ஒன்றுமில்லை.

நான்காம் அடுக்கு: ஒயர் கூடை. இதை விரித்துரைக்காமல் நகர்வது அறமாகாது. ஒயர் பின்னலில் சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் எனப் பல முடிச்சுகள் உண்டு. நமக்குக் கிடைத்திருப்பது சிவன் கண். பச்சையும் வெள்ளையும் கலந்த ஒயர். அடிப்பாகம் முடிந்து, பக்கச் சுவர் நாலு விரல்கடை ஏறி, அத்தோடு நின்றுவிட்டது. பின்னாத ஒயர்கள் நாற்புறமும் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. கைப்பிடிக்கான தடயமே இல்லை.

பல்லவச் சிற்பிகள் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள். அதனால் மாமல்லபுரத்துப் பீம ரதத்தின் மேற்பகுதி எழில்கொண்டு நிற்க, கீழ்ப்பகுதி முடியாமல் கிடக்கிறது. ஒயர் கூடையோ கீழிருந்து மேலாக வளர்வது. அதனால் கீழ்ப்பகுதி முடிந்து மேற்பகுதி அந்தரத்தில் நிற்கிறது. ஆகவே ரதத்தின் மேற்பாதியையும் கூடையின் கீழ்ப்பாதியையும் ஒன்றாக வைத்தால் குறையற்ற ஒரு முழுப்பொருள் கிடைக்கும் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. (எதிர்க்கருத்து: மாமியார், வாய்மொழி, சமையலறை வாசல். அதே கருத்து, திருத்திய பதிப்பு: மறுநாள் காலை, உரத்த குரலில்.)

யார் படைப்பு?

மாமல்லபுரத்துக் கோயில்களைப் பாணி பார்த்து, பல்லவ மன்னருள் இது மாமல்லன், இது இராசசிம்மன் என்று அறிஞர்கள் பங்கு பிரித்து வைத்திருந்தார்கள். 1962-இல் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி, அத்தனையும் இராசசிம்மன் ஒருவனுடைய பணியே என்றார். கட்டிலடியிலும் இதே இரு பள்ளிகள். பல தலைமுறைகள் சேர்த்த குப்பை என்பது ஒன்று. அத்தனையும் மருமகள் ஒருத்தியின் கைங்கரியம் என்பது மற்றொன்று. (இரண்டாவதற்குச் சான்று: சின்ன அத்தை, குடும்ப வாட்ஸ்அப் குழு, பிறந்தநாள் வாழ்த்துக்கும் வெந்தய வைத்தியத்துக்கும் இடையே, பின்னர் அழிக்கப்பட்டது, அழிக்குமுன் மூவர் படித்ததாக நாத்தனார் உரை, அவ்வுரைக்கு என் கணவரின் மழுப்பலுரை, முற்றுப்பெறாதது.) ஆய்வாளரும் அந்த மருமகளும் ஒருவரே என்பதால் நடுநிலை பாதிக்கப்படவில்லை. தம் குருவின் கோட்பாட்டைத் தாமே மதிப்பிட்டுப் பட்டம் வாங்குவோர் உள்ள நாட்டில் இது பெரிய குற்றமுமன்று.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் ஒற்றைக்காலில் நிற்பவர் அருச்சுனனா, பகீரதனா என்ற வழக்கு நூறாண்டு கடந்தும் தீரவில்லை. கீழே தவம் செய்யும் பூனையைப் பார்த்து எலிகள் கும்பிட்டு நிற்கின்றன. எலிகளாவது ஒரு முடிவுக்கு வந்துவிட்டன.

தீர்வு

குடைவரை குடைந்தவர்கள் மலையைக் கண்டு மலைக்கவில்லை. பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். கட்டங்களுக்கு நடுவே பள்ளம் வெட்டினார்கள். புடைத்து நின்ற துண்டுகளை உடைத்தெடுத்தார்கள். மறுபடி கட்டம் போட்டார்கள். முடியாத குடைவரைகளில் அக்கட்டங்களை இன்றும் பார்க்கலாம். கட்டிலடிக்கும் இதுவே வழி. ஒரு நாளைக்கு ஒரு கட்டம். அன்றைக்கு ஜமிக்கி என்றால் ஜமிக்கி மட்டும், சிப்பியைத் தொடக்கூடாது. 'எதுக்காவது ஆகும்' என்ற சொல்லை உச்சரிப்பவர் அறையை விட்டு வெளியேற்றப்படுவார். இம்முறையின் ஒரே குறை, அதைக் கையாண்டவர்களும் பல இடங்களில் வேலையைப் பாதியில் விட்டுப் போனதுதான்.

முடிவுரை

முடியாத ரதத்தையும் சேர்த்துத்தான் 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்றது. அதற்கு வேலி போட்டு, டிக்கெட் கொடுத்து, நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். முடியாத கூடைக்கு வசவு மட்டும் கிடைப்பது எந்த நியாயம்? கூடை அப்படியே இருக்கட்டும். ஆனால் ஆரி ஊசிகளை மட்டும் இன்றைக்கே பொறுக்கி, நீல பிஸ்கட் டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள். வீட்டில் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.